இரண்டாம் துடிப்பு

மலையடிவாரத்து மருத்துவச் சாலையில் ஆசிரியர் வயதில் இளையவர், மாணவி மூத்தவர். ஆகையால் ஆசிரியர் உலகம்மை தம் மாணவியை 'அக்கா' என்றழைப்பார். மாணவி வடிவம்மாள் தம் ஆசிரியரை 'அம்மா' என்றழைப்பார். புதிதாக வருகிறவர்கள் யாரை முதலில் வணங்குவது என்று தெரியாமல், இருவருக்கும் நடுவே பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார்கள்.

வடிவம்மாள் மூன்று மக்களைக் கரையேற்றி, கணவரையும் வழியனுப்பிய பிறகு, நரைத்த தலையோடு கற்க வந்தவர். பாடத்தில் ஒரு வரி விடமாட்டார். நாடி பார்ப்பதில் அவருடைய விரல்களுக்குத் தனிப் பெயர் இருந்தது. 'பெரியம்மா கை வைத்தால் தப்பாது' என்று சுற்று வட்டாரம் சொல்லும். அதைக் கேட்கும்போது வடிவம்மாள் தலையைக் குனிந்துகொள்வார். காதுகளை மட்டும் மூடிக்கொள்ள மாட்டார்.

காய்ச்சல் பரவிய மலையூர்களுக்கு உலகம்மை போயிருந்த காலத்தில், சாலையை வடிவம்மாளே நடத்தினார். மழைக்காலமெல்லாம் கழிந்து ஆசிரியர் திரும்பிய மறுநாள், வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது.

வண்டியை ஓட்டி வந்தவன் தளவாய். அதிகம் பேசாதவன். பின்பக்கத்திலிருந்து முதலில் இறங்கியவர் அவன் தாய் பூரணத்தம்மாள். கையிலே தாம்பாளம், அதில் வெற்றிலையும் மஞ்சளும் கண்ணாடி வளையல்களும். அடுத்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவருடைய மருமகள் சொர்ணம் இறங்கினாள். வயிறு சேலையை முன்னே தள்ளிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, பைய இறங்கு. இப்படியா குதிப்பாங்க?"

"நான் எங்கே அத்தை குதிச்சேன்? வண்டிதான் குதிக்குது. உங்க மகன்கிட்டச் சொல்லுங்க."

பூரணத்தம்மாள் தாம்பாளத்தை உலகம்மையின் முன் வைத்தார்.

"வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு, தாயி. ஊரெல்லாம் சொல்லிட்டேன். முதல் வெத்தலை இங்கேதான். எல்லாம் பெரியம்மா கைராசி. எத்தனை வருசம் கல்லு மாதிரி இருந்த வயிறு. பெரியம்மா கையைப் பிடிச்சு 'ரெண்டு ஓடுது'ன்னு சொன்ன அன்னைக்குலேருந்து எழும்ப ஆரம்பிச்சது பாருங்க. இவ புளியங்காய் தின்கிற வேகத்துக்கு, அடுத்த வருசம் எங்க தோப்புல குழம்புக்குக்கூடப் புளி மிஞ்சாது."

வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். சொர்ணம் வெட்கத்தோடு சிரித்தாள். உலகம்மை சிரிக்கவில்லை. அவர் சொர்ணம் நின்ற நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் சிரிக்காவிட்டால் அதற்குக் காரணம் உண்டு என்பதை வடிவம்மாள் அறிவார்.

"அக்கா, இவள் கையை இன்னொரு முறை பாருங்கள்."

வடிவம்மாள் மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்துக் கண்களை மூடினார்.

"இரண்டு ஓடுகிறது, அம்மா. தாயுடையது ஒன்று. அதனடியில் சன்னமாக மற்றொன்று."

உலகம்மை தாம்பாளத்திலிருந்து ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்தார். அதைச் சொர்ணத்தின் மணிக்கட்டின்மேல் படுக்கவைத்தார்.

"இப்போது இலையின்மேல் விரல் வையுங்கள். இலை கசங்கக் கூடாது."

கொழுந்து இலை கசங்காதிருக்க வேண்டுமானால், விரலை வைத்தும் வைக்காமலும் இருக்க வேண்டும். வடிவம்மாள் அவ்வாறே வைத்தார். தாயின் நாடி சீராக வந்தது. அதனடியில் ஒன்றும் இல்லை.

அவர் சற்றே அழுத்தினார். இரண்டாம் துடிப்பு வந்தது, இலை கசங்கியது. விரலைத் தளர்த்தினார். துடிப்பு போயிற்று. மறுபடி அழுத்தினார். வந்தது. இம்முறை அதைத் தம் காதின் பின்புறத்திலும் கேட்டார். தொண்டைக் குழியிலும் கேட்டார். அழுத்திப் பிடிக்கிற விரல் தன்னைத்தானே கேட்கும் என்று முதற்பாடத்திலேயே படித்தவர் அவர்.

அன்று, மழைக்கு முன், இதே கையைப் பிடித்த நாள் அவர் நினைவுக்கு வந்தது. "பெரியம்மா, இது கடைசித் தடவை. இன்னைக்கும் இல்லைன்னா நான் என் மகனுக்கு என் அண்ணன் மகளைக் கேக்கப் போறேன்" என்று பூரணத்தம்மாள் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். சொர்ணத்தின் கண்கள் வடிவம்மாளின் முகத்தை விட்டு நகரவில்லை. வடிவம்மாள் தம்மை அறியாமலே அந்தக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

உலகம்மை சொர்ணத்தை உள்ளே அழைத்துப் போனார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். வெளியே வந்து பூரணத்தம்மாளிடம் சொன்னார்:

"கால் வீங்கியிருக்கிறது. வளைகாப்பு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"பிள்ளைக்கு ஒண்ணும் குறையில்லையே, தாயி?"

"கால் வீங்கியிருக்கிறது என்றுதான் சொன்னேன்."

"அப்ப இருக்கட்டும். அன்னைக்குக் காலையிலே வந்து கூட்டிட்டுப் போவேன். ரெண்டு உசிரு, பத்திரம்."

வண்டி திரும்பிப் போனது.

மூலிகை உலர்த்துகிற முற்றத்தில் ஆசிரியரும் மாணவியும் தனித்து நின்றார்கள்.

"அம்மா, பிள்ளை இறந்துவிட்டதா?"

"இல்லை."

"அப்படியானால் உயிரோடு..."

"அக்கா, அங்கே பிள்ளை இல்லை. எப்போதும் இருந்ததில்லை."

வடிவம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் காயவைத்திருந்த தூதுவளை. முள் குத்தியதும் எழுந்தார். குத்திய முள்ளைப் பிடுங்கவும் தோன்றவில்லை.

"நான் கேட்ட இரண்டாம் துடிப்பு?"

"யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?"

வடிவம்மாளுக்கு நாணித் தலைகுனிவது கடினமாக இருந்தது. சினம் கொள்வது எளிதாக இருந்தது.

"என் விரல் பிழை செய்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வயிறு? அது யாருடைய பிழை? பொய் வயிறு, அம்மா. துணியைச் சுற்றியிருப்பாள்."

"தொட்டுப் பார்த்தேன். துணி இல்லை."

"மூச்சைப் பிடித்து உப்பவைத்திருப்பாள். எல்லாம் நடிப்பு."

"நடிப்பு" என்று உலகம்மை அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். "அப்படியானால் எளிதுதான். அக்கா, ஒரு துளி கண்ணீர் விடுங்கள்."

"எதற்காக?"

"எதற்காகவும் இல்லை. நடிப்புக்குத்தான்."

வடிவம்மாள் சொன்னதைச் செய்கிற மாணவி. கண்களை அகல விரித்துச் சூரியன் பக்கம் திரும்பி நின்றார். இறந்த கணவரை நினைத்துப் பார்த்தார். அவர் அன்றைக்கென்று ஏதோ வேடிக்கை பேசுகிற முகத்தோடு நினைவில் வந்தார். கண் எரிந்தது, நீர் வரவில்லை.

"சரி, கண்ணீர் கடினம். உள்ளங்கையில் ஒரு துளி வியர்வை?"

வடிவம்மாள் உள்ளங்கையை விரித்து அதை முறைத்துப் பார்த்தார். மதில்மேல் இருந்த காகம் அவரையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தது. ஏதும் கிடைக்காது என்று கண்டு பறந்து போயிற்று.

"போதும், அக்கா. அதற்கே பொறுமை போய்விட்டது."

"என்னால் முடியவில்லை."

"ஒரு துளிக்கு உங்களால் முடியவில்லை. உள்ளே இருக்கிறவள் மாதவிலக்கை நிறுத்தியிருக்கிறாள். வயிற்றை வளர்த்திருக்கிறாள். காலை வீங்கவைத்திருக்கிறாள். நடிப்பென்றால், இவ்வளவு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை. போய் அவளைக் குளிப்பாட்டிவிட்டு வாருங்கள்."

கொல்லையில் வெந்நீர் அண்டாவின் பக்கத்தில், தாழ்ந்த பலகையின்மேல் சொர்ணம் உட்கார்ந்தாள். வடிவம்மாள் அவள் முதுகில் நீரை ஊற்றினார்.

வயிறு முழுவதும் உண்மையான வயிறு. தோல் இழுபட்டு மினுங்கியது. தொப்புளிலிருந்து கீழ்நோக்கி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிற அந்தக் கருங்கோடு ஓடியிருந்தது. அதை யாரும் மையால் வரைந்ததில்லை. வடிவம்மாள் பயற்றமாவு போட்டுத் தேய்த்தார். கோடு அழியவில்லை.

"பெரியம்மா, சிரிக்காதீங்க. ரெண்டு நாளா ரவிக்கை தானா நனையுது."

வடிவம்மாள் பார்த்தார். மூன்று மக்களுக்கு ஊட்டியவருக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. நீர் வழிந்த மார்பில் ஒரு வெண்துளி திரண்டு நின்றது. அதன் மணமும் அதே மணம்.

வடிவம்மாள் ஓர் அடி பின்னே எடுத்து வைத்தார். குளிக்காமல் கொள்ளாமல் கருவறைக்குள் நுழைந்துவிட்டவர் போல அவருக்குக் கால் கூசியது.

"என்ன, பெரியம்மா?"

"ஒன்றுமில்லை. தண்ணீர் சுடுகிறதா?"

"இல்லை, இதமா இருக்கு." சொர்ணம் கண்களை மூடிக்கொண்டாள். "நீங்க மட்டும் அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்லலைன்னா, அத்தை அன்னைக்கே அவங்க அண்ணன் வீட்டுப் படியேறியிருப்பாங்க. நான் எங்கே போயிருப்பேன்னு எனக்கே தெரியலை. எங்க தோட்டத்துக் கிணறு நல்ல ஆழம்."

நாளை மழை வரும் என்பதைப் போல அவள் அதைச் சொன்னாள்.

வடிவம்மாள் திரும்பி வந்தபோது உலகம்மை கல்வத்தில் மருந்தை அரைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இல்லாத பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வந்தது?"

"முதலில் சொல்ல வேண்டியவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு கேளுங்கள்."

"யாரிடம்?"

"அவளிடம்தான்."

"நானா?"

"அந்த வார்த்தையைப் போட்டவர் நீங்கள்தானே?"

"அவள் கிணற்றில் விழுந்துவிடுவாள், அம்மா. என்னிடமே சொன்னாள்."

"சொல்லாமல் விட்டால்? பத்தாம் மாதம் வரும். அப்போது ஊர் சொல்லும். ஊருக்கு இலை வைத்துத் தொடத் தெரியாது, அக்கா."

வடிவம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார். உலகம்மை எழுந்து வந்து அவர் வலக்கையைப் பற்றி, உள்ளங்கையை மேலாகத் திருப்பினார். அது நனைந்திருந்தது. விரல் இடுக்குகளில் வியர்வை திரண்டிருந்தது.

"இதைத்தானே நான் முன்பு கேட்டேன்?"

வடிவம்மாள் தம் கையை வேறொருவர் கையைப் போலப் பார்த்தார்.

"இதை நான் வரவழைக்கவில்லை, அம்மா."

"அவளும் வரவழைக்கவில்லை."

உலகம்மை கையை விட்டுவிட்டு அரைக்கப் போனார்.

மறுநாட்காலையில் சொர்ணம் கூடத்துத் தூணில் சாய்ந்து, பழைய வேட்டியொன்றைப் பிள்ளைத்துணிக்கு அளவாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் அவள் எதிரே அமர்ந்தார். எப்படி எப்படியோ சொல்வதற்கு வாக்கியங்கள் கட்டி வைத்திருந்தார். ஒன்றும் உதவவில்லை.

"சொர்ணம், அன்று நான் கேட்டது உன் பிள்ளையின் துடிப்பு அன்று. என் விரலின் துடிப்பு. பிழை என்னுடையது. அங்கே பிள்ளை இல்லை, மகளே."

துணி கிழிகிற ஓசை நின்றது. பிறகு, தொடங்கிய கிழிசலை அவள் கடைசி வரைக்கும் நேராகக் கிழித்து முடித்தாள். மடித்து வைத்தாள்.

"பெரியம்மா, உங்களுக்குப் பிள்ளைங்க உண்டுதானே?"

"உண்டு. மூவர்."

"அதுங்க வயித்துக்குள்ளே எப்படி அசையும்? நீங்க நினைச்சதும் அசையுமா? இல்லை, தானா அசையுமா?"

வடிவம்மாள் பொய் சொல்ல வாயெடுத்தார்; வாய் அதைச் சொல்லவில்லை.

"தானாகத்தான். தூங்கும்போது உதைக்கும். உலை வைக்கும்போது உதைக்கும். நடுப்பிள்ளை உதைத்ததில் திடுக்கிட்டுக் கரண்டியைக் குழம்பிலேயே போட்டிருக்கிறேன்."

சொர்ணம் தலையசைத்தாள்.

"என்னுது அப்படி இல்லை. முதல்ல நான் நினைப்பேன். பொறவு அது அசையும். ஒரு நாளும் முந்திக்கிட்டு அசைஞ்சதில்லை." அவள் தன் வயிற்றைப் பார்த்தாள். "நல்ல பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன். இப்பவே சொன்ன பேச்சைக் கேக்குதேன்னு."

சொர்ணம் இரு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு குடத்தை நீட்டுவது போல அதை வடிவம்மாளை நோக்கி நீட்டினாள்.

"அப்ப இது என்ன, பெரியம்மா?"

சாலையின் சுவடிகள் எல்லாம் வடிவம்மாளுக்கு மனப்பாடம். அவற்றில் ஒரு வரியும் முன்வரவில்லை.

அப்போது சொர்ணத்தின் முகம் மாறியது. உதட்டைக் கடித்தாள். ஒரு கை தூணைத் தேடிப் பற்றியது. மறு கை இடுப்பின் பின்புறத்துக்குப் போனது. அந்தக் கை அங்கே எதற்காகப் போகும் என்பதை எந்தத் தாயும் அறிவாள்.

வடிவம்மாள் ஓடினார்.

"அம்மா, அவளுக்கு வலி கண்டுவிட்டது."

உலகம்மை மருந்தைக் கீழே வைத்தார்.

"வெந்நீர் வையுங்கள். உள்ளறையில் வைக்கோலைப் பரப்பி மேலே துணி விரியுங்கள். விட்டத்தில் கயிறு கட்டுங்கள், பிடித்துக்கொள்ள."

"அம்மா, பிள்ளை இல்லையே."

"வலி வந்திருக்கிறதே. அதைத் தனியாகப் படு என்று சொல்லலாமா?"

பேறுகால அறையில் செய்ய வேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டன. எதிலும் உலகம்மை ஒரு குறை வைக்கவில்லை. வேப்பிலை கட்டினார். கைகளை மஞ்சள் நீரில் கழுவினார். வடிவம்மாள் சொர்ணத்தின் பின்னே அமர்ந்து அவளைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டார்.

வலி ஒழுங்கு தவறாமல் வந்தது. எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கியது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. வலி எழும்போதெல்லாம் வடிவம்மாளின் கையின்கீழ் அந்த வயிறு கருங்கல்லாக இறுகியது, இறங்கும்போது தளர்ந்தது. எத்தனையோ பேறுகளுக்குக் கை கொடுத்தவர் அவர். இதில் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. அந்த ஒன்று இல்லாமல் இவ்வளவும் எவ்வாறு நடக்கிறது என்று எண்ணியபோது, அவர் முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டு நின்றது.

"மூச்சைப் பிடிக்காதே, விடு" என்றார் உலகம்மை. "அப்படித்தான். இன்னும் கொஞ்சம். கயிற்றை இறுக்கிப் பிடி. கத்த வேண்டுமானால் கத்து. இங்கே யாரும் தூங்கவில்லை."

"தாயி, முடியலை."

"முடியவில்லை என்று சொல்கிற இடம் வந்துவிட்டதென்றால், வழி முக்கால் பங்கு வந்தாயிற்று."

வெயில் முற்றத்தைக் கடந்து மதிலேறிய வேளையில் சொர்ணம் ஒரு பெரும் வலியில் எழும்பினாள். கயிறு விட்டத்தில் முறுகியது. அவள் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில், தன் வயிற்றை நோக்கிச் சொன்னாள்:

"போயிட்டு வா, கண்ணு."

நெடுமூச்சு ஒன்று வெளியே போனது. அது போய்க்கொண்டே இருந்தது. வடிவம்மாளின் உள்ளங்கையின் அடியில் வயிறு இறங்கத் தொடங்கியது. மடை திறந்த குளத்தில் நீர் வடிவது போல, அவசரம் இல்லாமல், நிற்காமல் வடிந்தது. இழுபட்டு மினுங்கிய தோல் தொய்ந்து சுருங்கியது. விரித்த துணியில் ஒன்றும் இல்லை.

வடிவம்மாள் கைகளைக் கூப்பினார். யாரை நோக்கிக் கூப்பினார் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

உலகம்மை சொர்ணத்தின் முகத்தைத் துடைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவது போலவே வயிற்றில் துணி கட்டினார்.

"அக்கா, போய் மருந்து கிண்டுங்கள். சுக்கும் திப்பிலியும் புதிதாக இடியுங்கள். பழைய பொடி வேண்டாம்."

வளைகாப்புக்குக் குறித்த நாளன்று காலையில் கூண்டு வண்டி வந்தது. பூரணத்தம்மாள் பட்டுச்சேலை உடுத்தியிருந்தார்.

"எங்கே எங்க ராணி? பந்தல் போட்டு வாழைமரம் கட்டியாச்சு. ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வளையலைப் பொறுக்கி எடுத்துட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க."

வடிவம்மாள் முன்னே வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். தம் விரலைப் பற்றியும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

பூரணத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, பெரியம்மா. விரல் தப்பிப் போச்சு. வயிறு? ஊரே பாத்த வயிறு யாரு தப்பு? வயித்தைக் காட்டி ஏய்ச்சுட்டா. என்னை எல்லார் முன்னேயும் தலைகுனிஞ்சு நிக்கவெச்சுட்டா." அவர் மகன் பக்கம் திரும்பினார். "வண்டியைத் திருப்புலே. இன்னைக்கே என் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

தளவாய் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க போயிட்டு வாங்க, அம்மா. நான் வரலை."

"என்னலே சொன்னே?"

அவன் அதை மறுபடி சொல்லவில்லை. கயிற்றை வேப்பமரத்தில் கட்டத் தொடங்கினான்.

உலகம்மை உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் பூண்டும் கலந்த வாசம் முற்றம் முழுவதும் பரவியது. கிண்ணத்தைப் பூரணத்தம்மாளின் கையில் வைத்தார்.

"காலை மருந்து. ஆறும் முன் கொடுத்துவிடுங்கள்."

பூரணத்தம்மாள் முகர்ந்து பார்த்தார்.

"இது பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறதுல்லா?"

"ஆம்."

"வெறும் வயித்துக்காரிக்கு எதுக்கு இது? பிள்ளையா பெத்தா?"

"உள்ளே போய் அவளைப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வாங்கிக்கொள்கிறேன்."

பூரணத்தம்மாள் கிண்ணத்தோடு விறுவிறென்று உள்ளே போனார். திருப்பிக் கொண்டுவருவதற்கென்றே போகிறவர் போலப் போனார்.

முற்றத்தில் மூவரும் காத்திருந்தனர். உள்ளே பேச்சொலி எழும் என்று வடிவம்மாள் அஞ்சினார். எழவில்லை. சொர்ணம் சுவரோரம் சாய்ந்து கிடப்பதும், வெளிறிய அவள் முகமும், வயிற்றுக்கட்டும், ரவிக்கையின் முன்புறம் இரண்டு இடங்களில் நனைந்திருப்பதும் அவருக்குத் தெரியும். இப்போது பூரணத்தம்மாளும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நெடுநேரம் கழித்து, உள்ளேயிருந்து குரல் வந்தது. வாசலில் பேசிய குரலாக அது இல்லை.

"பால் கட்டிக்கிச்சா, ஏட்டி? வலிக்குதா?"

அவர் கீழே உட்கார, வளையல் ஓசை கேட்டது.

"முகத்தைத் திருப்பாதே. வாயைத் திற. கசக்கத்தான் செய்யும். இவனைப் பெத்தப்போ எனக்கும் கசந்துச்சு. முழுங்கு. இன்னொரு வாய்."

கிண்ணத்தில் விரல் வழிக்கிற ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் பூரணத்தம்மாளின் குரல் மறுபடியும் உயர்ந்தது.

"லேய் தளவாய், நீ போய்ப் பந்தலைப் பிரிக்கச் சொல்லு. கேக்கிறவங்ககிட்ட, அம்மா மருமகளோட இருக்கான்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாதே. வரும்போது மல்லிகைப் பூ வாங்கிட்டு வா, பால் வத்த வெச்சுக் கட்டணும்."

தளவாய் கட்டிய கயிற்றை அவிழ்த்தான். அவன் வண்டியேறும்போது முகத்தை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டதை வடிவம்மாள் பார்த்தார். பார்க்காதவர் போல இருந்துகொண்டார்.

வண்டி போன பிறகு, உலகம்மை அடுக்களை வாசலில் அமர்ந்து கைகளைக் கழுவினார். வடிவம்மாள் அவருக்கு நீர் ஊற்றினார்.

"அம்மா, சொல்ல வேண்டியவளிடம் சொல்லிவிட்டேன். என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது."

"கேளுங்கள்."

"ஒரு பிள்ளையும் இல்லாத வயிறு அது. அங்கே பால் எப்படி வந்தது?"

"விருந்து வருகிறது என்று நீங்கள் போய் ஒரு வீட்டில் சொன்னீர்கள். அந்த வீடு அதை நம்பியது. கூட்டி மெழுகி, அடுப்பை மூட்டி, பாலைக் காய்ச்சி வைத்தது."

"ஆனால் யாரும் வரவில்லையே, அம்மா."

"வரவில்லை. அடுப்பைத் தொட்டுப் பாருங்கள், அக்கா. சுடும்."